அந்தப் பெண் ஏன் தைத்துக்கொண்டே இருக்கிறாள்?

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகி, "மனசில் நிற்கிற மாதிரி ஒரு காதல் படம் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். ஜேன் கேம்பியன் இயக்கிய 'பிரைட் ஸ்டார்' (2009) பாருங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் அழுதிருக்கிறார்கள், பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதனால் இந்த வாரப் பக்கம் முழுக்க இந்தப் படத்துக்குத்தான். பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1818-ல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில், கையில் காசில்லாத ஜான் கீட்ஸ் என்ற இளம் கவிஞரும், தன் உடைகளைத் தானே வடிவமைத்துத் தைத்துக்கொள்ளும் ஃபேனி பிரான் என்ற பதினெட்டு வயசுப் பெண்ணும் பழகுகிறார்கள், பிறகு ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வாழ்கிறார்கள். காதல் வருகிறது, அப்புறம் காசநோய் வருகிறது. கீட்ஸ் 1821 பிப்ரவரி 23 அன்று ரோம் நகரில் இறந்துபோகிறார். அப்போது அவருக்கு வயது 25.

கே: நீங்கள் சொன்னீர்களே என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் பையன் எழுந்து போய்விட்டான், மனைவி தூங்கிவிட்டார். நடக்கிறார்கள், தைக்கிறார்கள், சன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். ஒன்றுமே நடக்கவில்லையே?
(வாசகர், சேலம்)

ப: மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கிற படம் இல்லை இது. அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்களுக்காக ஒரே ஒரு பகுதியைச் சொல்கிறேன். 1819 கோடைகாலத்தில் கீட்ஸ் எழுதுவதற்காக இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவுக்குப் போய்விடுகிறார். அங்கிருந்து கடிதம் வருகிறது. அந்தக் காலத்தில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும், ஒவ்வொரு கடிதமும் வீட்டுச் செலவுக் கணக்கில் ஏறும். நாம் இரண்டு பேரும் பட்டாம்பூச்சிகளாகப் பிறந்து மூன்றே மூன்று கோடை நாட்கள் வாழ்ந்திருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். இது கீட்ஸ் உண்மையாகவே எழுதிய கடிதம்தான். இவள் என்ன செய்கிறாள்? தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு பட்டாம்பூச்சி பிடித்து வந்து படுக்கையறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். திரைச்சீலையில், தரையில், கைமேல் எங்கே பார்த்தாலும் பட்டாம்பூச்சி.

அப்புறம் கடிதம் நின்றுவிடுகிறது. பட்டாம்பூச்சிகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுகின்றன. குட்டித் தங்கை அம்மாவிடம் போய் அக்காவுக்கு ஒரு கத்தி வேண்டுமாம் என்கிறாள். எதற்கு என்று அம்மா கேட்கிறார். சாவதற்கு என்று, கடையில் உப்பு கேட்கிற குரலில் அந்தக் குழந்தை சொல்கிறது.

தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார் என்பதுதான் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அன்றைக்கு நடந்த மிகப் பெரிய சம்பவம். வெளிநாட்டிலிருந்து நீல நிற ஏரோகிராம் வருமா என்று வாசலிலேயே நின்ற வீடுகள் நம்மிடமும் இருந்தன, உங்கள் மனைவிக்கு அது தெரிந்திருக்கும். அவரோடு ஒரு நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

கே: நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். கீட்ஸ் எங்களுக்குப் பாடம். வகுப்பில் ஃபேனி பெயர் ஒரே ஒரு வரியில் வந்துபோனது. படத்தில் பார்த்தால் கவிஞரைவிட அவள்தான் அதிக நேரம் வருகிறாள், எப்போது பார்த்தாலும் தைத்துக்கொண்டே இருக்கிறாள். ஏன்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

ப: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன்.

படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓர் ஊசி துணிக்குள் இறங்கி வெளியே வருகிறது. கேமரா எவ்வளவு கிட்டே போகிறது என்றால், நூல் கயிறு மாதிரித் தெரிகிறது, துணியின் நெசவு கட்டிலில் பின்னிய கயிறு மாதிரித் தெரிகிறது. கவிஞரைப் பற்றிய படம் என்றால் பேனாவிலோ காகிதத்திலோ ஆரம்பிப்பார்கள். கேம்பியன் ஊசியில் ஆரம்பிக்கிறார். இது யாருடைய படம் என்பதை முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுகிறார். ஃபேனிக்குத் தன் வேலையில் அவ்வளவு பெருமை. மூன்றடுக்குக் கொசுவம் வைத்த காலர் இந்த வட்டாரத்திலேயே தன் சட்டைக்குத்தான் முதலில் வந்தது என்கிறாள். கீட்ஸின் நண்பர் பிரவுன் கிண்டல் செய்யும்போது, என் தையலால் எனக்குக் காசு வரும், உங்கள் எழுத்தால் வருமா என்கிற அர்த்தத்தில் திருப்பிக் கொடுக்கிறாள். அது திமிர்ப் பேச்சு இல்லை, தொழில் தெரிந்தவள் பேசுகிற பேச்சு. இந்தப் படத்துக்கு உடை வடிவமைத்தவர் ஜேனட் பேட்டர்சன். அதற்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

கீட்ஸின் தம்பி டாம் காசநோயில் இறந்துபோகிறான் (1818 டிசம்பர் 1). ஆறுதல் சொல்ல ஃபேனியிடம் வார்த்தை இல்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, அந்தப் பையனின் தலைக்கு அடியில் வைக்க ஒரு தலையணை உறைக்குப் பூவேலை செய்து கொண்டுவந்து கொடுக்கிறாள். கீட்ஸ் அதைத் தடவிப் பார்க்கிறார். அவருக்கு அவள்மேல் மனம் திரும்பியது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

உங்கள் வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிற இரண்டு விஷயங்கள். இரண்டும் நிஜ வாழ்க்கையில் நடந்தவை. கீட்ஸ் 1820 செப்டம்பரில் இத்தாலிக்குக் கப்பல் ஏறியபோது, அவருடைய பயணத் தொப்பிக்கு உள்பக்கம் பட்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தது ஃபேனி. நேப்பிள்ஸ் போய்ச் சேர்ந்தபின் பிரவுனுக்கு எழுதிய கடிதத்தில், அவள் வைத்துத் தைத்த அந்தப் பட்டு என் தலையைச் சுடுகிறது என்று எழுதினார். இன்னொன்று, வழவழப்பான ஒரு வெள்ளைக் கல். தைக்கும்போது விரல் சூடானால் பிடித்துக்கொள்ள அவள் வைத்திருந்தது. அதை அவரிடம் கொடுத்தனுப்பினாள். ரோமில் கடைசி நாட்களில் அவளுடைய கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற தைரியம் அவருக்கு இல்லை. அந்தக் கல்லை மட்டும் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார்.

படத்தின் கடைசியிலும், சாவுச் செய்தி வந்தபிறகு, அவள் தலைமுடியை வெட்டிக்கொண்டு கறுப்புத் துணியை எடுத்துத் தைக்க உட்காருகிறாள். கேம்பியன் அந்த ஊசியைப் படம் முழுக்க ஒரு இடத்தில்கூடக் கீழே போடவில்லை.

கே: எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. டான்ஸ், டிரெஸ், வாய்த்துடுக்கு. அவ்வளவு பெரிய கவிஞருக்கு இவள் தகுதியானவளா? சரி, அதை விடுங்கள். அப்புறமாக அவள் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டாளாமே, படம் அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டது!
(வாசகர், மதுரை. கோவையிலிருந்தும் இதே போல ஒரு கடிதம்)

ப: நீங்கள் தனி ஆள் இல்லை. 1878-ல் கீட்ஸ் ஃபேனிக்கு எழுதிய கடிதங்கள் முதன்முதலாகப் புத்தகமாக வந்தபோது இங்கிலாந்திலும் இதையேதான் எழுதினார்கள். மேம்போக்கானவள், மினுக்குபவள், ஒரு மேதையைத் தவிக்கவிட்டவள் என்று எழுதித் தள்ளினார்கள். அவள் 1865-லேயே இறந்துவிட்டாள், பதில் சொல்ல ஆளில்லை.

அவர்கள் எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள் என்று பாருங்கள். கீட்ஸ் எழுதியவை இருக்கின்றன. ஃபேனி அவருக்கு எழுதியவற்றில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. ரோமில் அவர் பிரிக்காமல் வைத்திருந்த கடைசிக் கடிதங்களை அவரோடேயே சவப்பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டார்கள். நோயாளியின் சந்தேகம், பொறாமை, ஏக்கம் எல்லாம் அவருடைய கடிதங்களில் அப்படியே இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் போனது என்று தெரியாது. போனில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்டுவிட்டு எதிர்முனையில் இருப்பவரைத் திட்டுகிற மாதிரிதான் அது.

1936-ல் இன்னொரு தொகுப்பு வந்தது. கீட்ஸ் கப்பல் ஏறுவதற்கு முன்னால், என் தங்கைக்கு நீ எழுது என்று ஃபேனியைக் கேட்டுக்கொண்டார். அந்தத் தங்கையின் பெயரும் ஃபேனிதான். அப்படி அவள் எழுதிய கடிதங்கள்தான் அந்தத் தொகுப்பு. அவர் இறந்தபின்னும் அந்தச் சிறுமிக்கு அக்கா மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறாள். புத்தகம், உடை, ஊர் விஷயம், நடுநடுவே அடக்கிவைத்த துக்கம். அதைப் படித்தபின் ஆய்வாளர்கள் பலர் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு வருகிறேன். ஆமாம், 1833-ல் லூயிஸ் லிண்டன் என்பவரை மணந்தாள். கீட்ஸ் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து! அதற்குள் 1828-ல் தம்பி சாமுவேல் காசநோயில் போய்விட்டான், அடுத்த வருஷம் அம்மா ஆடையில் தீப்பிடித்து இறந்துபோனார். அப்பா அவளுக்கு ஒன்பது வயசாக இருக்கும்போதே காசநோயில் போனவர். இத்தனை சாவுக்கு அப்புறம் முப்பது தாண்டிய ஒரு பெண் ஒரு குடும்பம் அமைத்துக்கொண்டால் அதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. மூன்று குழந்தைகள். அந்தக் கடிதங்களைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்து பிள்ளைகளிடம் ஒப்படைத்ததும் அவள்தான். அவள் எரித்திருந்தால் உலகத்தின் மிக அழகான காதல் கடிதங்கள் சில நமக்குக் கிடைத்திருக்காது.

படம் கல்யாணத்தைச் சொல்லாததில் எனக்கும் சின்ன வருத்தம் உண்டு, அதில் நீங்கள் சொல்வது சரி. முடிவில் வருகிற எழுத்துகளில், அவள் பல வருஷம் அந்தப் பொட்டல்வெளியில் நடந்தாள், அவர் கொடுத்த மோதிரத்தைக் கழற்றவில்லை என்று மட்டும் போடுகிறார்கள். அந்த இடத்திலேயே கல்யாணத்தையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த மோதிரத்தோடேயே இன்னொரு வாழ்க்கையையும் வாழ்ந்தாள் என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகப் படுகிறது.

கே: முப்பது வருஷம் காசநோய் வார்டில் வேலை பார்த்தவள் நான். ரத்தம் வந்த காட்சியில் எழுந்து போய்விட்டேன். அந்தக் காலத்தில் என்ன சிகிச்சை கொடுத்தார்கள்? இத்தாலிக்கு ஏன் அனுப்பினார்கள்?
(ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்)

ப: அம்மா, நீங்கள் எழுந்து போனது எனக்குப் புரிகிறது. கீட்ஸ் மருத்துவம் படித்தவர், லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி எடுத்து 1816-ல் உரிமம் வாங்கியவர். அதனால்தான் 1820 பிப்ரவரியில் படுக்கை விரிப்பில் அந்தத் துளி விழுந்ததும் மெழுகுவத்தி கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த நிறம் எனக்குத் தெரியும், இது தமனி ரத்தம், இதுதான் என் மரண உத்தரவு என்று பிரவுனிடம் சொன்னார்.

காசநோய்க் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-ல். அதற்கு அறுபது வருஷம் முன்னால் யாருக்கும் இது ஒட்டுமென்று சரியாகத் தெரியாது. காற்றோட்டமில்லாத அறையில் தம்பியைப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டார், பெரும்பாலும் அங்கேதான் ஒட்டியிருக்க வேண்டும். சிகிச்சை என்று செய்தது என்ன என்று கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். ஏற்கெனவே ரத்தம் கக்குகிறவருக்கு இன்னும் ரத்தம் எடுத்தார்கள். ரோமில் டாக்டர், ஒரு நாளைக்கு ஒரு நெத்திலியும் ஒரு துண்டு ரொட்டியும்தான் சாப்பாடு என்று வைத்தார். பசியில் அவர் சாப்பாட்டுக்குக் கெஞ்சியிருக்கிறார். இத்தாலிக்கு அனுப்பியது, குளிர்காலத்தில் இங்கிலாந்தின் ஈரக் காற்று ஆகாது, வெயில் நல்லது என்ற நம்பிக்கையில். கூடப் போன ஓவியர் ஜோசப் செவர்ன்தான் சமைத்தார், துடைத்தார், ராத்திரி முழித்திருந்தார். அந்த வார்டில் நீங்கள் செய்த வேலையை, பயிற்சியே இல்லாத ஓர் இளைஞர் தனியாகச் செய்தார்.

அவர் இறந்தபின் ரோம் சட்டப்படி அறையில் இருந்த மரச்சாமான்களை எரித்தார்கள். ஆக, ஒட்டும் என்று ரோமில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

கே: டாக்டருக்குப் படித்தவர் ஒழுங்காக வேலை பார்த்துச் சம்பாதித்து அந்தப் பெண்ணைக் கட்டியிருக்கலாமே. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.
(வாசகர், திருப்பூர்)

ப: கோபம் நியாயம்தான். ஃபேனியின் அம்மாவுக்கும் அதே கவலைதான். ஆனால் மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவைச் சிகிச்சையை நினைத்துப் பாருங்கள். ஈதர் வந்ததே 1846-ல். நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள, அலறலுக்கு நடுவே அறுக்க வேண்டும். அதில் உதவியாளராக நின்றவர் கீட்ஸ். தன் கை எங்கே தப்பிவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது.

ஆனாலும் வேலையைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 1819-ல், இந்தியாவுக்கு வந்துபோகிற கப்பலில் மருத்துவராகச் சேரலாமா என்று யோசித்திருக்கிறார். கப்பலா, கவிதையா, இரண்டும் விஷம், எதைக் குடிப்பது என்கிற மாதிரி கடிதம் எழுதியிருக்கிறார். அப்படிச் சேர்ந்திருந்தால் ஒருவேளை நம் கரைக்கே வந்து இறங்கியிருப்பார். ஆனால் அந்த வசந்த காலத்தில்தான் அவருடைய மிகச் சிறந்த கவிதைகள் பல வந்தன. குயில் என்று சிலர் தப்பாக மொழிபெயர்க்கிறார்களே, அந்த நைட்டிங்கேல் பறவைக்கு எழுதிய பாடல் 1819 மே மாதம் எழுதியது, ஒரு பிளம் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினார் என்று பிரவுன் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்.

கே: அந்த பிரவுனை நினைத்தாலே எரிகிறது. நிஜத்திலும் அப்படித்தானா?
(வாசகி, வேலூர்)

ப: கீட்ஸுக்கு இருக்க இடம் கொடுத்தவர், ஊக்கம் கொடுத்தவர், அது உண்மை. வீட்டு வேலைக்கு வந்த அயர்லாந்துப் பெண் அபிகேல் அவரால் கர்ப்பமானதும் உண்மை. பிற்பாடு நியூசிலாந்துக்குப் போய் 1842-ல் அங்கேயே இறந்தார். இயக்குநர் கேம்பியன் நியூசிலாந்தில் பிறந்தவர்.

கே: நம்ம பாரதிக்கும் கீட்ஸுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(வாசகர், புதுச்சேரி)

ப: நேராக இல்லை, ஒரு கவிஞர் வழியாக உண்டு. பாரதி இளம் வயதில் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று 'ஷெல்லிதாசன்'. அந்த ஷெல்லிதான் கீட்ஸ் இறந்தபோது பெரிய இரங்கல் பாடல் எழுதியவர். அடுத்த வருஷமே, 1822-ல், கடலில் மூழ்கி இறந்தார். கரை ஒதுங்கிய உடலின் சட்டைப் பையில் கீட்ஸின் கவிதைப் புத்தகம் இருந்தது. இரண்டு பேருக்கும் ரோமில் ஒரே கல்லறைத் தோட்டம்.

கே: எனக்கு ஆங்கிலக் கவிதை வராது. சப்டைட்டில் வைத்துப் பார்த்தும் கவிதை வாசிக்கிற இடங்கள் புரியவில்லை. புரியாமல் பார்த்தால் பரவாயில்லையா?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

ப: பரவாயில்லை. ஃபேனிக்கும் முதலில் புரியாது, பாடம் சொல்லிக்கொடுங்கள் என்று கீட்ஸிடமே கேட்கிறாள். குளத்தில் குதிப்பது உடனே கரையேறுவதற்காகவா, தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் கிடப்பதற்காகத்தானே, கவிதையும் அப்படித்தான் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறார். காவிரிக்கரைக்காரர் உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிடாதீர்கள். அதன்மேல் கீட்ஸாக நடித்த பென் விஷா அந்த நைட்டிங்கேல் பாடலை வாசிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை மட்டும் கேளுங்கள்.

கே: வயசான அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா? ஏதாவது சங்கடமான காட்சி உண்டா?
(வாசகி, ராஜபாளையம்)

ப: தாராளமாகப் பார்க்கலாம். முத்தத்தைத் தாண்டி எதுவும் இல்லை. நான் என் அம்மாவோடுதான் பார்த்தேன். அம்மா நாற்பது வருஷம் வீட்டில் மிஷின் போட்டு ஊருக்கே ஜாக்கெட் தைத்தவர், ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. படம் ஆரம்பித்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கீட்ஸ் பேசுகிற இடங்களில் அவ்வளவாகக் கவனம் இல்லை. அந்தத் தலையணை உறை வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "இது ஒரு ராத்திரி வேலை இல்லடி, மூணு நாள் வேலை. கண்ணை மூடாமத் தைச்சிருக்கா அந்தப் பொண்ணு" என்றார். அப்புறம் வந்து உட்கார்ந்து, சரி போடு என்றார்.